இஷாவுக்கும் சுப்ஹுக்கும் இடையே: நல்லுறக்கத்திற்குச் சில வழிகள்

அரபு மொழியின் சொல்வளத்தில் ஈடுபாடு உடையோர், நைஸாபூர் அறிஞர் அபூ மன்ஸூர் ஸஆலிபீயின் (இறப்பு: ஹி. 429 / கி.பி. 1038) 'ஃபிக்ஹுல் லுகா' என்னும் நூலை அறிவர். சொற்களைப் பொருள் நோக்கில் அடுக்கிக் காட்டும் அந்நூலில் உறக்கத்தின் படிநிலைகளுக்கென ஒரு பகுதி உண்டு. உறங்க வேண்டும் என்னும் தேவை எழுவது 'நுஆஸ்'. அத்தேவை கனத்து அழுத்துவது 'வஸன்'. உறங்குவோனுக்கும் விழித்திருப்போனுக்கும் இடைப்பட்ட நிலை 'கரா'. பிறர் பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்கவே உறங்குவது 'தக்ஃபீக்'. இலேசான துயில் 'இக்ஃபா'. நீண்ட துயில் 'ருகாத்'. மூழ்கிய துயில் 'ஹுஜூஃ'.

இவ்வரிசையை மாணவர்களுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆயினும் எனது நாற்பத்தெட்டாம் அகவையில் முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறவே இயலாதவனாக ஆனேன். இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிடுவேன். பன்னிரண்டு மணி அடிப்பதைக் கேட்பேன். ஒரு மணியையும் கேட்பேன். ஒரு நாள் சுப்ஹுத் தொழுகையை முன்னின்று நடத்துகையில், நன்கு மனனமான அத்தியாயத்திலேயே வழி தவறி நின்றேன். பின்வரிசையில் நின்ற மாணவர் ஒருவர் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார். மறதி எவருக்கும் நேர்வதுதான். எனினும், அடுத்த சொல் எது என்பது மட்டுமன்றி, எந்த ரக்அத்தில் நிற்கிறேன் என்பதும் அக்கணத்தில் எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் இதனை ஒரு நோயாகக் கருதி, அறிந்தோரை நாடினேன். அதன் பின்னர் கற்றவற்றையும் கடைப்பிடித்துப் பயன் கண்டவற்றையும் இங்கே தொகுத்துரைக்க விழைகின்றேன்.

முன்னோர் கண்ட இடம்

உறக்கத்தை வீண்பொழுது என எண்ணும் மனப்பாங்கு நம் மருத்துவ மரபில் இருந்ததில்லை. உடல்நலத்திற்கு இன்றியமையாத ஆறு காரணிகளை அம்மரபு வகுத்தது: காற்று, உணவும் பானமும், இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவு வெளியேறலும் தங்கலும், மனநிலைகள். பதினோராம் நூற்றாண்டு பக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லானின் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' இந்த ஆறின் மீதே அமைந்த நூல். அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு: ஹி. 322 / கி.பி. 934) உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதியபோது உறக்கத்திற்குத் தனி இயல் ஒதுக்கினார். இப்னு ஸீனாவின் 'கானூன்' தலையின் நோய்களைப் பேசுமிடத்தில் 'ஸஹர்' எனப்படும் உறக்கமின்மையையும் எடுத்துரைக்கிறது.

இன்றைய அறிவியல் உறக்கத்தின் உட்பொறியை விளக்கியுள்ளது. சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் முன்வைத்த கருத்தின்படி, உறக்கத்தை இரண்டு ஆற்றல்கள் ஆள்கின்றன. ஒன்று உறக்க உந்துதல். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே செல்கிறது. மூளையில் சேரும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் அதற்கு ஒரு முதன்மைக் காரணம். மற்றொன்று ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை சுழலும் உடற்கடிகாரம். இதன் நுண்ணிய இயக்கத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்விரண்டும் ஒரே வேளையில் கூடினால் உறக்கம் தானே வரும். கூடாவிடில் எவ்வளவு முயன்றாலும் வராது. கையை உயர்த்து என மனம் கட்டளையிட்டால் கை உயர்கிறது. உறங்கு எனக் கட்டளையிட்டாலோ விழிப்பே மிகுகிறது. ஆகவே உறக்கத்தைத் தேடி ஓடுதல் பயன் தராது. அதற்குரிய சூழலை அமைத்துவிட்டுக் காத்திருத்தலே நம்மால் இயலுவது.

எழும் நேரமே அடித்தளம்

பலரும் படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்த முயல்கின்றனர். ஒழுங்குபடுத்த வேண்டியது எழும் நேரத்தையே. படுத்தவுடன் உறங்குவது நம் கையில் இல்லை. குறித்த நேரத்தில் எழுவது நம் கையில் உள்ளது. நாள்தோறும் ஒரே வேளையில் எழுபவரின் உறக்க உந்துதலும் நாள்தோறும் ஒரே வேளையில் முழுமை அடையும்.

இவ்வகையில் சுப்ஹுத் தொழுகையாளருக்கு இயல்பாகவே ஒரு வாய்ப்பு அமைந்துள்ளது. எனினும் அதனை இரு வழிகளில் நாம் வீணாக்குகிறோம். நள்ளிரவு வரை விழித்திருந்து ஐந்து மணிக்கு எழுவது ஒன்று. தொழுத பின் மீண்டும் படுத்து எட்டு மணி வரை உறங்குவது மற்றொன்று. முன்னது உறக்கக் கடனைச் சேர்க்கிறது. பின்னது அன்றிரவின் உந்துதலைத் தாழ்த்தி, மறுபடியும் நள்ளிரவு வரை விழிக்க வைக்கிறது.

சென்னையை ஒட்டிய பகுதிகளில் சுப்ஹு தொடங்கும் நேரம் ஆண்டிற்குள் ஏறத்தாழ ஒரு மணி நேர அளவு மாறுகிறது. அதற்கேற்ப எழும் நேரத்தை மாற்றிக்கொண்டிராமல், ஆண்டு முழுதும் 4:45 மணிக்கு எழுவதென நான் வரையறுத்துக்கொண்டேன். கோடையில் அது சுப்ஹுக்குப் போதிய நேரம். குளிர்காலத்தில் தஹஜ்ஜுதுக்கும் இடம் தருகிறது. வளர்ந்தோர்க்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்கவியல் வல்லுநர்களின் பரிந்துரை. 4:45இலிருந்து ஏழு மணியைக் கழித்தால் இரவு 9:45 ஆகிறது. இஷாவுக்குப் பிந்திய வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்னும் செய்தியைப் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். இந்தக் கணக்கைப் போட்ட பின்னரே அது என் அன்றாட வாழ்வைத் தொட்டது.

நள்ளிரவுக்கு முந்திய ஒரு மணி உறக்கம் பிந்திய இரு மணிக்குச் சமம் என்னும் கூற்று சரியானதன்று. ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் உறக்கத்தின் முதல் மூன்றிலொரு பங்கில் அமைகிறது, அது எம்மணிக்குத் தொடங்கினும். முன்னரே படுக்கச் சொல்வது, முன்னரே எழ வேண்டியிருப்பதால்தான்.

ஒளி, தேநீர், பகல் துயில்

உடற்கடிகாரத்தைத் திருப்பும் சாவி ஒளியே. கண்ணின் விழித்திரையில் பார்வைக்கெனச் செயல்படும் அணுக்களோடு, பகலா இரவா என மூளைக்கு உரைக்கும் தனிவகை அணுக்களும் உள்ளன என்பது 2002இல் உறுதிப்பட்டது. சுப்ஹு முடித்துக் கால் மணி நேரமேனும் திறந்த வெளியில் விடியலொளியில் நடப்பது இரவு உறக்கத்திற்கான முதல் ஆயத்தம். இஷாவுக்குப் பின் விளக்குகளைத் தணித்தல் இரண்டாவது. கைப்பேசியின் ஒளி கெடுப்பதைவிட அதன் செய்திகளே உள்ளத்தை மிகுதியாகக் கிளறுகின்றன. அதனைப் படுக்கையறைக்கு வெளியே விட்டு, எழுப்புவதற்கு ஒரு சிறு கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம்.

தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன், அடினோசினின் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டு உறக்கச் செய்தியை மறைக்கிறது. உட்கொண்டதில் பாதி உடலைவிட்டு அகலவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மஃரிபுக்குப் பின் அருந்தியதில் ஒரு பாதி இரவு பதினோரு மணிக்கும் உடலில் இருக்கும். லுஹருக்குப் பின் தேநீரை நிறுத்தியதே என் நிலையில் முதல் மாற்றத்தைத் தந்தது. இரவு உணவை இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக முடிப்பதும் நன்று.

'கைலூலா' என்னும் நண்பகல் துயிலைக் கைவிட வேண்டியதில்லை. இருபது நிமிடங்களில் அது அமைய வேண்டும். அஸருக்குப் பின் உறங்குவதைப் பழிக்கும் செய்தி ஒன்று மக்களிடையே வழங்குகிறது. ஹதீஸ் திறனாய்வாளர் பலர் அதனைப் பலவீனமானது என்றே கூறியுள்ளனர். அதனால் அது மார்க்கத் தடை ஆகாது. ஆயினும் மாலைத் துயில் இரவின் உந்துதலைக் களவாடும் என்பதால், உறக்கமின்மை உடையோர் அதனைத் தவிர்ப்பதே தகும்.

படுக்கையில் விழித்திருத்தல் வேண்டா

என் பெரும் பிழை ஒன்பது மணிக்கே படுத்ததுதான். உறங்காமல் படுக்கையில் புரண்ட மணிகளில், படுக்கை என்பது விழித்திருக்கும் இடம் என்று என் மூளை கற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த முறை இதற்கு மருந்து. உறக்கம் வந்த பின்னரே படுக்க வேண்டும். படுத்து இருபது நிமிடம் அளவில் உறக்கம் வரவில்லையெனில் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான செயல் ஒன்றில் ஈடுபட்டு, கண் கனத்த பின் திரும்ப வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கலாகாது. எத்தனை முறை எழுந்தாலும் காலையில் எழும் நேரம் மாறலாகாது.

இதனோடு மருத்துவர் அறிவுரையின்படி, இரவு பதினோரு மணிக்கு முன் படுக்கைக்குச் செல்வதில்லை என்று இருந்தேன். முதல் பத்து நாட்கள் மிகக் கடினமாக இருந்தன. மூன்றாம் வாரத்தில் படுத்தவுடன் உறங்கினேன். பின்னர் வாரத்திற்குக் கால் மணி நேரமாக முன்னே நகர்ந்து பத்து மணியை அடைந்தேன். வாகனம் ஓட்டுவோரும் வலிப்பு நோய், மனநோய் உடையோரும் இதனைத் தாமாகச் செய்யலாகாது.

கவலை மிகுந்த இரவுகளில் மறுநாள் பணிகளை மஃரிபுக்குப் பின் தாளில் எழுதி மூடிவிடுகிறேன். படுக்கையில் திக்ர் செய்கிறேன். உறக்கத்தை வரவழைக்கும் மாத்திரையாக அதனை எண்ணுவதில்லை. 'இத்தனை முறை ஓதியும் உறங்கவில்லையே' என எண்ணத் தொடங்கின், எண்ணிக்கையே ஒரு கவலையாகிவிடும். உறக்கம் வரினும் வராவிடினும் திக்ர் தன்னளவில் முழுமையானதே.

மருத்துவரை நாட வேண்டியோர்

வாரத்தில் மூன்று இரவுகளேனும் உறக்கமின்றி மூன்று மாதம் கடந்தால் அது நாள்பட்ட நோய். அதற்கு மாத்திரைக்கு முன்னர் மேற்கூறியவை போன்ற பழக்கவழி, எண்ணவழிச் சிகிச்சையே முதலிடம் பெற வேண்டும் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே மாத்திரை உட்கொள்வோர் திடீரென நிறுத்தலாகாது. மருத்துவர் வழிகாட்டச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். உரத்த குறட்டை, இடையிடையே மூச்சு நிற்றல், பகலில் கட்டுக்கடங்காத தூக்கம் ஆகியன இருப்பின், இங்குக் கூறிய எதுவும் போதாது. உடனே பரிசோதனை தேவை.

ரமளானில் தராவீஹும் ஸஹர் உணவும் இரவைச் சுருக்குகின்றன. அம்மாதத்தில் கைலூலா ஈடு செய்யும். பெருநாள் முடிந்த மறுநாளே பழைய எழும் நேரத்திற்குத் திரும்பிவிட வேண்டும்.

இன்றும் சில இரவுகளில் விழிப்பு வருகிறது. முன்போல் அஞ்சுவதில்லை. எழுந்து வுளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுகிறேன். விளக்கைத் தணித்துச் சிறிது நேரம் அமர்ந்திருக்கிறேன். ஸஆலிபீ கூறும் நுஆஸ் வருகிறது, வஸன் தொடர்கிறது. அதற்கடுத்த படிகளை நான் அறிவதில்லை.