தொப்பூர் இறக்கமும் ஒற்றைச் சிப்பும்

மின்வாகனத்துக்குள் மின்சாரத்தைக் கையாளும் வேலைகள் பல. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கி மோட்டாரைச் சுழற்றுவது இன்வெர்ட்டர். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை வாங்கி பேட்டரியை நிரப்புவது சார்ஜர். உயர் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைத்து விளக்குக்கும் ஹாரனுக்கும் தருவது டிசி-டிசி கன்வெர்ட்டர். செல்களின் மின்னழுத்தத்தையும் சூட்டையும் கண்காணிப்பது பிஎம்எஸ் எனப்படும் பேட்டரி மேலாண்மை அமைப்பு. ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் கவனித்து மற்றவற்றுக்குக் கட்டளையிடுவது வாகனக் கட்டுப்பாட்டு அலகு. கார்களில் நெடுங்காலமாக இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி, தனி மைக்ரோகன்ட்ரோலர் என்பதே வழக்கம். அத்தனை வேலைகளையும் ஒரே மைக்ரோகன்ட்ரோலரிடம் ஒப்படைக்கும் முயற்சி இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதில் ஒன்றாகச் சேர்வது கணக்கிடும் பகுதி மட்டுமே. பெரும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள் அப்படியே இருக்கும். எந்த டிரான்சிஸ்டர் எந்த நொடித்துளியில் திறக்க வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் ஒரே சிப்புக்கு மாறுகிறது.

இந்த மாற்றத்தின் தேவையை தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தின் தொப்பூர் கணவாயில் தெளிவாகக் காணலாம். பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 இங்கே சேலம் நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதிய விபத்துகளால் பெயர் கெட்ட இறக்கம் இது. மின்வாகனத்துக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கட்டுப்படுத்துவதோடு பேட்டரிக்கும் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். ஆனால் நல்லம்பள்ளியில் முழுதாக சார்ஜ் செய்துவிட்டுத் தெற்கே கிளம்பும் வண்டி, பேட்டரி ஏறக்குறைய நிரம்பிய நிலையிலேயே கணவாயை அடைந்துவிடும். நிரம்பிய செல்லுக்குள் மேலும் மின்சாரத்தைத் திணிப்பது ஆபத்து. நிக்கல் கலந்த லித்தியம் அயனி செல்லுக்கு 4.2 வோல்ட்தான் பொதுவான உச்ச வரம்பு. எனவே எவ்வளவு ஏற்கலாம் என்று பிஎம்எஸ் சொல்ல வேண்டும். அந்த அளவுக்குள் இன்வெர்ட்டர் அடங்க வேண்டும். மீதியைச் சக்கர பிரேக் தாங்க வேண்டும். பிஎம்எஸ் திடீரென்று பேட்டரி இணைப்பைத் துண்டித்தால், திரும்பி வரும் மின்சாரம் போக்கிடமின்றி மின்னழுத்தத்தை எகிறச் செய்து இன்வெர்ட்டரைப் பழுதாக்கக்கூடும்.

தனித்தனிப் பெட்டிகளில் இந்தப் பேச்சுவார்த்தை கேன் என்னும் தகவல் தடத்தில் நடக்கிறது. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய தடம் அது. செய்திகள் அதில் வரிசையில் காத்திருந்து, பல மில்லிநொடி இடைவெளியில்தான் புதுப்பிக்கப்படும். ஒரே சிப்பில் பேட்டரியின் நிலையும் மோட்டாரின் கணக்கும் ஒரே நினைவகத்தில் இருப்பதால் அந்தக் காத்திருப்பு பெருமளவு குறைகிறது. ஒயரும் கனெக்டரும் குறைவதால் எடையும் விலையும் குறையும். மழைநீரும் தூசியும் புகுந்து பழுதாக்கும் இடங்களும் குறையும்.

இத்தனை வேலைகளையும் ஒரு சிப் தாங்க முடிவதற்குக் காரணம், அவற்றின் வேகங்கள் வேறுபடுவதுதான். மோட்டாரின் மின்னோட்டத்தை ஏறக்குறைய 100 மைக்ரோநொடிக்கு ஒருமுறை அளந்து திருத்த வேண்டும். செல்லின் சூடு மாறுவதற்கோ பல நொடிகள் ஆகும். வண்டி ஓடும்போது சார்ஜருக்கு வேலையில்லை. சார்ஜ் ஏறும்போது மோட்டாருக்கு வேலையில்லை. 2012இல் வந்த ரெனோ ஸோயி கார் இந்த ஓய்வைப் பயன்படுத்தி, இன்வெர்ட்டரையும் மோட்டார் சுருள்களையுமே சார்ஜரின் பாகங்களாக்கிக் காட்டியது.

2021இல் சீனாவின் பிஒய்டி, மோட்டார் முதல் பிஎம்எஸ் வரை எட்டு அமைப்புகளை ஒரே தொகுதியாக்கியது. ஜப்பானின் ரெனசாஸ், நிடெக் நிறுவனத்துடன் சேர்ந்து, எட்டுப் பணிகளை ஒரே மைக்ரோகன்ட்ரோலர் கட்டுப்படுத்தும் மாதிரியை 2024இல் அறிவித்தது. தருமபுரிக்குப் பக்கத்திலும் இதன் முதல் படி தெரிகிறது. ஓசூரில் டிவிஎஸ், ஏதர், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி, போச்சம்பள்ளியில் ஓலா என மின் ஸ்கூட்டர் ஆலைகள் நிறைந்தது அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரி. ஓலா 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்திய மூன்றாம் தலைமுறை ஸ்கூட்டர்களில் மோட்டாரும் அதன் கன்ட்ரோலரும் ஒரே தொகுதியாகிவிட்டன.

ஒன்றாக்குவதில் ஆபத்தும் உண்டு. ஒரு சிப் செயலிழந்தால் எல்லாமே நின்றுவிடும். சார்ஜர் மென்பொருளின் பிழை, இறக்கத்தில் ஓடும் மோட்டாரைப் பாதிக்கவே கூடாது. இதற்காகச் சிப்புக்குள்ளேயே தடுப்புகள் அமைக்கப்படுகின்றன. இரண்டு செயலிக் கருக்கள் ஒரே கணக்கை இணையாகப் போடும்; விடை மாறினால் உடனே பிழை அறிவிக்கப்படும். ஒரு மென்பொருள் இன்னொன்றின் நினைவகத்தைத் தொட முடியாதபடி வன்பொருளே தடுக்கும். சிப் உறைந்து போனால் வெளியே உள்ள காவல் சுற்று அதைக் கவனித்து, மோட்டாரைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுபோகும். 2011இல் வெளியான ஐஎஸ்ஓ 26262 தரநிலை இத்தகைய பாதுகாப்புக்கான இலக்கணத்தை வகுத்தது. ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த நிகழ்வுகளுக்குப் பின், இருசக்கர, மூன்று சக்கர மின்வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-156 விதிகளை இந்தியா 2022இல் கடுமையாக்கியது.

பழுது பார்ப்பதும் மாறும். தனிப் பெட்டியாக இருந்தபோது கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். ஒரே பலகையில் சிறு பாகம் கெட்டாலும் முழுப் பலகையின் விலையும் உரிமையாளர் தலையில் விழக்கூடும். எந்தப் பகுதியில் கோளாறு என்பதைச் சிப்பில் பதிவாகும் பிழைக்குறியீடுதான் சொல்லும். அதைப் படிக்கும் கருவி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் மட்டும் இருந்தால், நல்லம்பள்ளி மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே சிப்பை ஒன்றாக்கும் நிறுவனங்கள் பிழைக்குறியீடுகளை வெளியிட வேண்டும். பலகையைப் பகுதி பகுதியாகப் பழுது பார்க்கும்படி வடிவமைக்க வேண்டும். தருமபுரி மாவட்டத்தின் ஐடிஐகளும் செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியும் இந்தத் தொழில்நுட்பத்தைப் பாடமாக்க வேண்டும். ஆலைகள் அருகில் இருப்பதன் பயன் அப்போதுதான் இந்த மாவட்டத்து இளைஞர்களுக்கு வேலையாக வந்து சேரும்.