படை மருத்துவ உதவியாளரின் மேற்பயிற்சி

போர்க்களத்தில் குண்டடி பட்டு ஒரு வீரன் சாய்கிறான். அவனிடம் முதலில் ஓடி வருபவர் யார்? டாக்டர் என்று விடை கூறுவோர் பலர். டாக்டரோ பல மைல்களுக்கு அப்பால் கூடாரத்திலோ மருத்துவமனையிலோ இருக்கிறார். ஓடி வருபவர் பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயதுடைய ஓர் இளைஞர். மருத்துவக் கல்லூரியில் பயிலாதவர். தோளில் ஒரு பையைச் சுமந்துகொண்டு மற்றச் சிப்பாய்களோடு தாமும் ஒரு சிப்பாயாக நடப்பவர். இவரையே படை மருத்துவ உதவியாளர் என்கிறோம். அமெரிக்கத் தரைப்படையில் தோழர்கள் இவரை 'டாக்' என்று சுருக்கி அழைக்கின்றனர். பட்டம் பெறாத ஒருவருக்கு அப்பெயரை அவர்கள் மனமுவந்து அளித்திருப்பதிலிருந்தே, அவரிடம் அவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

இந்த உதவியாளர் தம் முதற்பள்ளியை முடித்த பின்னர் என்ன கற்கிறார், ஏன் கற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இத்தகையோர் நம் நாட்டுப் படை உட்பட எல்லாப் படைகளிலும் உண்டு. எனினும் அமெரிக்கத் தரைப்படையையே எடுத்துக்கொள்கிறேன். தம் படையில் எத்தனை பேர் பிழைத்திருக்கக்கூடும், ஏன் பிழைக்கவில்லை என்பதைக் கணக்கிட்டு, அக்கணக்கை ஒளிக்காமல் அச்சிட்டு வெளியிட்டவர்கள் அவர்கள். நான் மருத்துவத் தொழிலைச் சேர்ந்தவன். கணக்கில்லாத புகழுரையில் எனக்குப் பற்றுக் குறைவு.

முதற்பள்ளி டெக்ஸாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரையடுத்த சாம் ஹூஸ்டன் கோட்டையில் இருக்கிறது. 10 வாரப் பொதுப் படைப்பயிற்சியை முடித்து வருவோர் அங்கே 16 வாரம் மருத்துவம் கற்கின்றனர். முற்பகுதியில் அவர்கள் கற்பது, ஊர்களில் ஆம்புலன்ஸ் வண்டியோடு வரும் அவசர மருத்துவ நுட்பர் கற்கும் பாடமே. நம்மூர் 108 வண்டியில் நோயாளியின் அருகே அமர்ந்து வருபவரை நினைத்துக்கொண்டால் போதும். இதற்கென நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தேர்வு உண்டு. பிற்பகுதியில் போர்க்காயங்களுக்குரிய சிகிச்சை, சாதாரண நோய்களின் கவனிப்பு, இறுதியாக வெட்டவெளியில் இரவும் பகலுமாக ஒத்திகை.

இந்தப் பாடத்தின் உட்கருத்தை மூன்று சாவுகளைத் தடுத்தல் என்று சொல்லிவிடலாம். கை கால்களிலிருந்து இரத்தம் பீறிட்டுச் சாதல் ஒன்று. நெஞ்சறைக்குள் காற்று அடைபட்டு நுரையீரலும் இதயமும் நசுங்கிச் சாதல் மற்றொன்று. மூச்சுக்குழல் அடைபட்டுச் சாதல் மூன்றாவது. முதலாவதற்கு டூர்னிக்கே என்னும் இறுக்குப் பட்டை. இரண்டாவதற்கு நெஞ்சில் ஊசி. மூன்றாவதற்கு மூக்கின் வழியே ஒரு குழாய், தேவைப்பட்டால் கழுத்தில் ஒரு சிறு கீறல். நான் படித்த நாளில் இறுக்குப் பட்டை என்றால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். காலைக் காப்பாற்ற வழியில்லாதபோது கடைசியாகச் செய்யும் காரியம் என்பது அன்றைய கொள்கை. அக்கொள்கையைத் தலைகீழாக்கியது, 1996-இல் பிராங்க் பட்லர் என்பவர் இரு துணையாசிரியருடன் 'மிலிட்டரி மெடிசின்' என்னும் இதழில் எழுதிய கட்டுரை. நகர மருத்துவமனையின் விதிகளைக் குண்டு மழைக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால், காயம் பட்டவனோடு உதவியாளரும் மடிவார் என்று அவர்கள் வாதித்தனர். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது செய்யத்தக்கது வேறு, சற்று மறைவிடம் கிடைத்தபின் செய்யத்தக்கது வேறு, ஊர்தியில் ஏற்றிய பின் செய்யத்தக்கது வேறு என்று சிகிச்சையையே மூன்றாகப் பகுத்தனர். முதற்கட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்: பட்டையை இறுக்கு, ஆளை மறைவிடத்துக்கு இழு.

ரேஞ்சர் படைப்பிரிவு இம்முறையை முழுமையாகக் கையாண்டது. உதவியாளருக்கு மட்டுமன்றி, ஒவ்வொரு சிப்பாய்க்கும் அதைக் கற்பித்தது. 2001 அக்டோபரிலிருந்து 2010 ஏப்ரல் வரை அப்பிரிவில் போரில் காயமுற்றோர் 419 பேர். அவர்களுள் இறந்தோர் 32 பேர். நான் சொன்ன அந்த மூன்று காரணங்களால், மருத்துவமனைக்கு வருமுன் இறந்தவர் ஒருவரேனும் இல்லை.

அப்படியானால் மேற்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். விடை மற்றொரு கணக்கில் இருக்கிறது. 2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மாண்ட அமெரிக்க வீரர் 4,596 பேரின் குறிப்புகளை அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டது. அவர்களுள் நூற்றுக்கு 87 பேர் மருத்துவமனையை அடையுமுன்னரே மாண்டவர்கள். அப்படி மாண்டோரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர், அதாவது 976 பேர், பிழைத்திருக்கக்கூடியவர்கள் என்று குழு மதிப்பிட்டது. அந்த 976 பேரில் பத்துக்கு ஒன்பது பேர் இரத்தம் வடிந்து மாண்டனர். எங்கிருந்து வடிந்த இரத்தம்? மூன்றில் இரண்டு பங்கு நெஞ்சிலும் வயிற்றிலும் இடுப்பின் உள்ளிலும்! வயிற்றுக்குள் கிழிந்த குழாயை எந்தப் பட்டையால் இறுக்குவது? அங்கே வேண்டுவது இரத்தமும் அறுவை மருத்துவரின் கத்தியும். அவை கிடைக்கும் வரை உயிரைப் பிடித்து நிறுத்தும் கை. முதற்பள்ளி சில நிமிடங்களுக்கு வேண்டிய அறிவைத் தருகிறது. அதற்குப் பின் வரும் பள்ளிகள் எல்லாம் மணிக்கணக்குக்கு வேண்டிய அறிவைத் தர முயல்கின்றன.

ஹெலிகாப்டரில் ஏறிச் செல்லும் உதவியாளரின் கதை இதற்குத் தக்க சான்று. வியட்நாம் யுத்தத்திலேயே காயமுற்றோரை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லும் முறை நிலைபெற்றுவிட்டது. 'டஸ்ட்ஆஃப்' என்ற வானொலி அழைப்புப் பெயர் அக்காலத்தது. ஊர்தி வளர்ந்தது, ஊர்தியில் இருந்தவரின் படிப்பு அந்த அளவுக்கு வளரவில்லை. நெடுங்காலம் தரையில் பை சுமந்தவருக்கு இருந்த அதே அடிப்படைப் பயிற்சிதான் வானத்தில் பறந்தவருக்கும் இருந்தது. ஆப்கானிஸ்தான யுத்தத்தில் தற்செயலாக ஓர் ஒப்புநோக்கு வாய்த்தது. தேசியக் காவற்படை என்னும் பகுதிநேரப் படையிலிருந்து ஒரு பிரிவு வந்தது. அதன் உதவியாளர்கள் ஊரில் இருக்கும்போது பாராமெடிக்குகளாகப் பணி செய்தவர்கள். கடும் நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சியும் பெற்றவர்கள். அவர்கள் ஏற்றி வந்தோரையும் வழக்கமான பிரிவுகள் ஏற்றி வந்தோரையும், மொத்தம் 671 பேரை, ராபர்ட் மாப்ரி என்ற இராணுவ மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒப்பிட்டனர். 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 15. கற்றறிந்தோர் பிரிவில் நூற்றுக்கு 8.

இது சோதனைச்சாலையில் சீட்டுப் போட்டுப் பிரித்துச் செய்த ஒப்பீடன்று. இரு பிரிவுகளுக்கும் பயிற்சியைத் தவிர வேறு வேற்றுமைகளும் இருந்தன. ஆகவே முழுப் பெருமையையும் படிப்பின் தலையில் ஏற்றக் கூடாது. ஆயினும் நூற்றுக்கு ஏழு உயிர் என்பது எந்தப் படைத்தலைவரும் ஒதுக்கிவிடக்கூடிய எண்ணன்று. 2012-ஐ ஒட்டி, ஹெலிகாப்டர் உதவியாளர் அனைவரும் பாராமெடிக் படிப்பையும் அதன்மேல் கடும் நோயாளிக் கவனிப்பையும் கற்கவேண்டும் என்று தரைப்படை தொடங்கியது. சுவாசக் கருவியை இயக்குதல், பறக்கும்போதே இரத்தம் ஏற்றுதல், மயக்க மருந்தின் அளவை அறிதல், இயந்திர இரைச்சலில் காது பயன்படாதபோது திரையின் எண்களை நம்பி முடிவெடுத்தல் முதலியன அதில் அடங்கும்.

இன்னொரு வழி நார்த் கரோலினாவிலுள்ள பிராக் கோட்டைக்குச் செல்கிறது. இடையில் 2023 முதல் 2025 வரை அதற்கு லிபர்ட்டி கோட்டை என்று பெயர் இருந்தது. சிறப்புப் படைகளுக்குரிய உதவியாளர் அங்கே 36 வாரம் பயில்கின்றனர். பாடத்தின் ஒரு பகுதியாக அவர்களைப் பெருநகர மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். கத்திக்குத்தும் துப்பாக்கிச் சூடும் நாள்தோறும் வந்து சேரும் அவசரப் பிரிவுகளில், மருத்துவரின் பார்வையில், உண்மையான நோயாளியைத் தொட்டுக் கற்கிறார்கள். இதன்மேல் சில மாதம் படித்து, சிறப்புப் படையின் மருத்துவ சார்ஜெண்டாக ஆவோரும் உண்டு. பன்னிருவர் கொண்ட குழுவுக்கு இத்தகையோர் இருவர். பல் பிடுங்குதல், சிறு அறுவை, ஆய்வுக்கூடச் சோதனை, குடிநீர்ச் சுகாதாரம் இவையெல்லாம் அவர்களுடைய பாடம். கால்நடை மருத்துவமும் பாடம் என்றால் நேயர்கள் வியப்பீர்கள். மலையிடுக்கில் ஒரு கிராமத்தாரோடு மாதக்கணக்கில் வாழ வேண்டிய குழுவுக்கு, அக்கிராமத்தாரின் ஆட்டையும் கழுதையையும் பிழைக்க வைப்பவர் மிகப் பெரிய தூதுவர் ஆகிவிடுகிறார்.

இரத்த விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓ பிரிவு இரத்தமுடைய வீரர்களுள், மற்றவர் உடலுக்குத் தீங்கு செய்யும் எதிர்ப்பொருள் குறைவாக உடையோரை முன்னதாகவே சோதித்துக் குறித்து வைக்கின்றனர். காயம் நேர்ந்தால், அந்தத் தோழரின் கையிலிருந்து எடுத்த இரத்தம் அப்படியே காயமுற்றவன் உடலில் ஏறுகிறது. ரேஞ்சர் பிரிவு இம்முறையை ஒழுங்குபடுத்திப் பரப்பிற்று. கேட்பதற்கு எளிது. இருட்டில், நடுங்கும் கையோடு, இருவரது நரம்பையும் கண்டு, ஒருவருடைய இரத்தத்தை மற்றவருக்குத் தவறில்லாமல் செலுத்துவது பலமுறை பழகினாலன்றி வாராது.

மருத்துவமனைப் பக்கம் திரும்ப விரும்புவோர் ஏறத்தாழ ஓராண்டு செவிலியர் பயிற்சி பெறலாம். அதனினும் பெரிய படி, மருத்துவரின் மேற்பார்வையில் நோயறிந்து மருந்தெழுதும் 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்னும் பதவி. இத்தொழில் பிறந்த விதமே சுவையானது. 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற பேராசிரியர் இதற்கென முதல் வகுப்பைத் தொடங்கினார். சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்து விலகியவர்கள். கப்பலில் அத்தனை பேரைக் காத்தவர்களுக்கு ஊரில் அதற்கேற்ற வேலை இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். நால்வரில் மூவர் 1967-இல் தேறினர். படை தந்த மனிதர்களைக் கொண்டு ஊர் உண்டாக்கிய தொழிலைப் பின்னர்ப் படையே தனக்கும் எடுத்துக்கொண்டது. முப்படைக்கும் பொதுவான பள்ளி 1996-இல் சாம் ஹூஸ்டன் கோட்டையில் தொடங்கிற்று. படிப்பு 29 மாதம். 16 மாதம் வகுப்பறை, 13 மாதம் மருத்துவமனை. தேறியவர் அதிகாரி ஆகிறார். பெரும்பாலும் ஒரு பட்டாளத்தின் மருத்துவ நிலையத்தில் அமர்ந்து, தாம் முன்பு இருந்த நிலையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஆசானாகிறார்.

இவ்வளவும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குரிய வழிகள். பெரும்பாலோர் 16 வாரத்தை முடித்து நேரே தம் பட்டாளத்துக்குப் போகிறார்கள். அங்கே அமைதிக் காலத்தில் அவர்களுக்கு வாய்க்கும் மருத்துவம் எது? கால் கொப்புளம், சளி, முதுகுவலி; எஞ்சிய நேரத்தில் பண்டசாலையைக் கணக்கெடுத்தலும் வண்டிகளைத் துடைத்தலும். இரண்டாண்டுக்கொரு முறை சான்றிதழைப் புதுப்பிக்கிறார்கள். 1965-இல் ஏற்பட்ட ஒரு தகுதிச் சின்னமும் உண்டு; அதைப் பெறுவதற்கு மற்றச் சோதனைகளோடு 12 மைல் தூரத்தை 3 மணி நேரத்தில் சுமையோடு நடந்து கடக்கவேண்டும். நடப்பது நல்லதே. ஆனால் நடையால் ஊசி குத்தும் கை பழகிவிடாது. பெருநகரங்களின் விபத்து மருத்துவமனைகளில் உதவியாளரைச் சில வாரம் வேலை செய்ய விடுவதே மெய்யான மருந்து என்பது என் கருத்து. சான் அன்டோனியோவிலுள்ள புரூக் இராணுவ மருத்துவமனை, சாலை விபத்தில் அடிபட்ட ஊர்மக்களையும் ஏற்றுச் சிகிச்சை அளிக்கிறது. பால்டிமோர் நகர விபத்து மையத்தில் விமானப்படை 2001 முதல் தன் மருத்துவக் குழுக்களைப் பழக்குகிறது. இத்தகைய இடங்கள் போதுமான அளவு இல்லை.

2009-இல் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் கேட்ஸ், ஆப்கானிஸ்தானத்தில் காயமுற்றவன் எவனும் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையை அடையவேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு முன் 90 நிமிடமாக இருந்த இடைநிலைக் காலம் 43 நிமிடமாகக் குறைந்தது, சாவும் குறைந்தது. ஆனால் அது வானம் முழுவதும் தம் ஆட்சியில் இருந்த யுத்தம். 2022-இல் உக்ரைனில் மூண்ட பெரும் போரில், முன்னணிக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்க அஞ்சுகிறது. ஆளில்லா விமானம் சாலையில் போகும் வண்டியையும் தேடிவந்து அடிக்கிறது. காயமுற்றவன் இருள் வரும் வரை, சில வேளைகளில் நாட்கணக்காக, பதுங்கு குழியிலேயே கிடக்கிறான். அவசரத்தில் இறுக்கிய பட்டை பல மணி நேரம் அப்படியே இருந்துவிடுவதால், காத்திருக்கக்கூடிய கால்கள் இழக்கப்படுகின்றன. ஆகவே பட்டையைக் கட்டிய இரண்டு மணி நேரத்துக்குள், இயலுமாயின், காயத்தை அழுத்திக் கட்டிவிட்டு அதை எச்சரிக்கையோடு தளர்த்தவும், ஆறு மணி கடந்துவிட்டால் களத்தில் அதைத் தொடாதிருக்கவும் இப்போது கற்பிக்கிறார்கள்.

இந்த நெடுநேரக் கவனிப்புக்குரிய வழிமுறைகளை அமெரிக்கப் படை மருத்துவர்கள் 2021-இல் தொகுத்து வெளியிட்டனர். அவற்றைப் படித்தபோது, புதுமையினும் பழமையே என் கண்ணுக்கு மிகுதியாகத் தென்பட்டது. படுக்கைப் புண் வாராதபடி நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், வாயைத் துடைத்தல், உடல் சூடு குறையாமல் போர்த்துதல், வயிறு உப்புகிறதா என்று பார்த்தல், மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்கிற்று என்று அளத்தல். வானொலியிலோ தொலைபேசியிலோ தொலைவிலுள்ள மருத்துவரோடு பேசும்போது எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பதற்கும் பயிற்சி உண்டு. ஒவ்வொரு மணிக்கும் நாடி, மூச்சு, சிறுநீர், கொடுத்த மருந்து ஆகியவற்றை உதவியாளர் ஒரு தாளில் எழுதுகிறார். வண்டி வந்து சேரும்போது அந்தத் தாளை நோயாளியின் உடலோடு கட்டி அனுப்பிவிட்டு, பையில் எஞ்சியிருப்பதை எண்ணத் தொடங்குகிறார்.