ஐப்பசிக்கு முன் வேலியைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. 2011-இல் தானே, 2016-இல் வர்தா, 2018-இல் கஜா என்று கரையை உலுக்கிய புயல்களும் இந்தப் பருவத்தில் வந்தவையே. மழைக்கு முன் மொட்டைமாடியை ஒழுங்குசெய்யும் கடலோரவாசிகள், சுற்றுச்சுவரையும் வேலியையும் கண்டுகொள்வதில்லை. அவை சாய்ந்தால் அடிபடுவது பெரும்பாலும் வெளியே இருப்பவர்தான். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் கனமழையில் ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். அது கடலோரமல்ல. கடலோரத்தில் மழையோடு உப்புக்காற்றும் சேர்ந்து சுவரை அரிக்கிறது.

எங்கே பார்ப்பது?

தெருப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கான்கிரீட் தூணில் மேலிருந்து கீழாக நேர்கோடாய் ஓடும் விரிசலும், அதன் ஓரம் செம்பழுப்புக் கறையும் தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் பொள்ளலான ஓசை வரும். அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடுவது வீண்வேலை. உதிர்ந்த பகுதியைக் கொத்தியெடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகே பூச வேண்டும். கம்பி பாதி கரைந்திருந்தால் தூணையே மாற்றிவிடுங்கள்.

சவுக்குக் கம்பங்கள் மண்மட்டத்தில்தான் முதலில் உளுக்கும். அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் கம்பம் போய்விட்டது. கம்பி வலையில் வெட்டுமுனை, முடிச்சு, வெல்டிங் செய்த இடம் ஆகியவற்றில் துத்தநாகப் பூச்சு போயிருக்கலாம். துரு அங்கிருந்தே பரவும். மழை ஓய்ந்த தை மாதத்தில் நல்ல தண்ணீரால் வேலியைக் கழுவி உப்பை நீக்கினால் அதன் ஆயுள் கூடும்.

சுற்றுச்சுவரின் அடியில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகளை மண்ணும் சருகும் அடைத்திருக்கும். ஒரு பக்கம் தேங்கும் நீரின் அழுத்தம் சுவரைத் தள்ளிச் சாய்த்துவிடும். தகரம் அடித்த வேலி காற்றை முழுதாக வாங்கும். புயலில் பிய்ந்தால் பறக்கும் கத்தி. புயல் எச்சரிக்கை வந்ததும் தகரத்தைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

வேலியைத் தொட்டபடி மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். போனால் நீங்களே தொடாமல் மின்வாரியத்தின் மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழையுங்கள். திருட்டுக்குப் பயந்து வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சக் கூடாது. உயிர் போனால் கொலையாகாத மரணம் விளைவித்ததாக வழக்கு வரலாம்.

உங்கள் இடம் எதுவரை?

புது வேலிக்கு முன் புல வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் கட்டணம் செலுத்தி சர்வேயரை அளக்கச் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு அளப்பது பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தனி. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, ஊரகக் கரையில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுத்தது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராக்கியது. அனுமதி பெற்ற பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்க இடமுண்டு. புதுச் சுவர் எழுப்பும் முன் உங்கள் சர்வே எண் எந்த மண்டலத்தில் வருகிறது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் கேளுங்கள். மீனவரும் ஊராரும் கடலுக்குப் போகும் வழியை அடைக்க யாருக்கும் உரிமையில்லை. மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும் அடப்பங்கொடியை வேலிக்காகப் பிடுங்காதீர்கள்.

அடுத்தவர் சுவர் சாய்ந்தால்?

முதலில் நேரில் சொல்லுங்கள். பலனில்லை என்றால் தேதியோடு படமெடுத்து, ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் போகலாம். விழுந்து ஆளைக் காயப்படுத்தும் நிலையிலுள்ள கட்டுமானத்தையோ மரத்தையோ அகற்றவும், பழுதுபார்க்கவும், முட்டுக் கொடுக்கவும் உரிமையாளருக்கு உத்தரவிட குற்றவியல் நடைமுறைக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152-ஆவது பிரிவு, நிர்வாக நடுவரான அவருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆவது பிரிவு. மழை கொட்டும் நேரத்தில் சுவர் அசைந்தால் மனுவுக்குக் காத்திராமல் அங்கிருந்து விலகி, 1077 எண்ணில் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை அழையுங்கள்.

இதே சட்டம் உங்கள் சுவருக்கும் பொருந்தும். உங்கள் கவனக்குறைவால் ஒருவர் இறந்தால், தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 106-ஆவது பிரிவின்கீழ் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் பாலிசியில் சுற்றுச்சுவரும் வேலியும் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே படித்துப் பாருங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வேலியை ஒருமுறை சுற்றி வாருங்கள்.