குளிர்கால டயர்களுக்கான சக்கரத் தேர்வு

குளிர்கால டயர்களுக்கான சக்கரத் தேர்வு என்பது, பனிக்காலத்தில் மட்டும் மாட்டுவதற்கென வாங்கப்படும் இரண்டாவது சக்கரத் தொகுதி காருக்குச் சரியாகப் பொருந்துமா என அளவு பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகும். ஏறத்தாழ 7° செல்சியசுக்குக் கீழே கோடைகால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். தமிழர் பலர் வாழும் ஒண்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் அவற்றைப் பூட்டிய காருக்கு 2016 முதல் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டுவது செலவு. டயரின் விளிம்பும் கெடும். எனவே பலர் தனிச் சக்கரங்களை வாங்குகின்றனர்.

துளை அமைப்பும் நடுத்துளையும்

ஆணித் துளைகள் ஒத்துப்போனால் சக்கரம் பொருந்திவிட்டது என்று கருதுவதே பரவலான தவறு. 5×114.3 என்றால் ஐந்து துளைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. டொயோட்டா கேம்ரி, 10ஆம் தலைமுறை ஹோண்டா சிவிக் (2016–2021) இரண்டுக்கும் இதே அளவுதான். எனினும் சக்கரத்தின் நடுத்துளை கேம்ரியில் 60.1 மி.மீ., சிவிக்கில் 64.1 மி.மீ. கேம்ரியின் சக்கரம் சிவிக்கின் குடத்தில் (மாட்டுவண்டிச் சக்கரத்திலும் நடுப்பகுதிக்கு இதே பெயர்தான்) நுழையாது. சிவிக்கின் சக்கரமோ கேம்ரியில் நுழையும், ஆனால் நடுவில் 4 மி.மீ. தளர்வு இருக்கும். சக்கரம் நடுவில் அமையாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரும்.

வெளிச்சந்தைச் சக்கரங்கள் பல கார்களுக்கும் ஆகும்படி 73.1 மி.மீ. போன்ற பெரிய நடுத்துளையுடன் வருகின்றன. இடைவெளியை நிரப்ப நடுவளையம் வேண்டும்: சிவிக்குக்கு வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 64.1. சாலையில் தூவும் உப்பால் அலுமினிய வளையம் அரித்து ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் பனிக்காலத்துக்குப் பிளாஸ்டிக் வளையமே மேல்.

நட்டு

விலை குறைந்த பொருள் இது. ஆபத்து இதில்தான் அதிகம். ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்களில் நட்டு அமரும் குழி கோளவடிவம். வெளிச்சந்தைச் சக்கரங்களில் பெரும்பாலும் 60° கூம்பு. மரை ஒன்றாக இருப்பதால் பழைய நட்டு புதிய சக்கரத்திலும் இறுகியது போலவே தோன்றும். ஆனால் அது குழியில் முழுமையாகப் படியாது. ஓட ஓடத் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம். சக்கரத்துக்கேற்ற நட்டுகளைத் தனியே வாங்க வேண்டும். சிவிக்கில் அவற்றை 108 நியூட்டன் மீட்டர் விசைக்கு இறுக்கி, 80 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

ஆஃப்செட்டும் விட்டமும்

சக்கர அகலத்தின் நடுக்கோட்டுக்கும் குடத்தில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம் ஆஃப்செட். அகலம் மாறாமல் அது 45இலிருந்து 35 மி.மீ. ஆனால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளும். மிகக் கூடினால் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும்.

குளிர்காலத்துக்குச் சிறிய ரிம், உயரமான டயர் என்பது நல்ல வழக்கம். குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும், விலையும் குறைவு. சிவிக்கின் 235/40 அளவுள்ள 18 அங்குல டயரின் மொத்த விட்டம் சுமார் 645 மி.மீ.; 215/55 அளவுள்ள 16 அங்குல டயருடையது 643. வேகமானி ஏறக்குறைய மாறாது. ஆனால் அதே சிவிக்கின் டைப் ஆர் வகையில் முன் பிரேக் தட்டின் விட்டமே 350 மி.மீ.; காலிப்பரையும் சேர்த்தால் 16 அங்குல ரிம்முக்குள் அடங்காது. அதன் துளை அமைப்பும் 5×120. எனவே காரின் பெயரை மட்டும் சொல்லிச் சக்கரம் கேட்பது போதாது. ஆண்டும் வகையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.