பூட்டிய கதவும் தீத்தடுப்புச் சட்டமும்

புனே நகரை அடுத்த உருளி தேவாச்சியில் 2019 மே 9 அன்று விடியற்காலையில் சேலைக் கடையொன்று தீக்கிரையாயிற்று. உள்ளே உறங்கிய ஊழியர் ஐவர் மாண்டனர். கடை வெளிப்புறம் பூட்டப்பட்டிருந்தது.

சட்டம் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தின் தீத்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம், 2006, 2008 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தீத்தடுப்புச் சாதனங்களை நிறுவிச் செவ்வனே பராமரிக்கும் கடமையை அது கட்டட உரிமையாளர் அல்லது அனுபோகதாரர் மீதே சுமத்துகிறது. உரிமம் பெற்ற முகமையின் சான்றிதழை ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூலையிலும் அவர் தாக்கல் செய்தல் வேண்டும். தீயணைப்பு அதிகாரி கட்டடத்தைச் சோதிக்கலாம். குறைகளைக் களைய அறிவிப்புத் தரலாம். ஆபத்து மிகுந்திருப்பின் ஆட்களை வெளியேற்றி முத்திரையிடலாம்.

அரசுக்குச் செலவு குறைந்த ஏற்பாடுதான். ஆயின் சான்றிதழ் கூறுவது குழாய், தீயணைப்பான், எச்சரிக்கை மணி ஆகியவற்றின் நிலையை மட்டுமே. இரவில் சாவி யாரிடம் உள்ளது என்பதை அது கூறுவதில்லை. பகலில் வரும் அதிகாரி திறந்த கடையையே காண்கிறார். வாடகை கொடுக்க இயலாத ஊழியர் அங்கேயே தங்கும்போது, ஆவணத்தில் கடையாக உள்ள இடம் இரவில் குடியிருப்பாகிவிடுகிறது.

ஆவணமே இல்லாத இடங்களும் உள்ளன. 2023 டிசம்பர் 8 அன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியின் தளவடேயில் பிறந்தநாள் மெழுகுவத்தி செய்யும் பட்டறை எரிந்து பெண்கள் பலர் உயிரிழந்தனர். அது அனுமதியின்றி இயங்கியதாக அதிகாரிகள் தெரிவித்தனர். இத்தகைய பட்டறைகளும் பெரும்பாலும் மின் இணைப்புப் பெற்றவையே. மின் விநியோக நிறுவனத்தின் வணிக, தொழில் இணைப்புப் பட்டியலைத் தீயணைப்புத் துறையின் பதிவேட்டோடு ஒப்பிட்டால் விடுபட்டவற்றுள் பல புலப்படும். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.