பின்னால் ஓடும் பெயர்களுக்குப் பயந்து கணனியை அழிக்காதீர்கள்

கடந்த நோன்பு விடுமுறையில் பக்கத்து வீட்டு ராத்தா தன் மடிக்கணனியைத் திருத்தக் கொடுத்தார். அதில் பழுது ஒன்றும் இருக்கவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் யாரோ பகிர்ந்த குரல் பதிவுதான் காரணம். "டாஸ்க் மெனேஜரத் திறந்து பாருங்க, சேர்விஸ் ஹோஸ்ட் எண்டு நிறைய ஓடினா உங்கட கொம்பியூட்டருக்குள்ள ஆள் பூந்திட்டான்" என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. ராத்தா திறந்து எண்ணியிருக்கிறார். அறுபதுக்கு மேல். அன்று இரவு அவருக்குத் தூக்கமில்லை.

கடைக்காரர் எதையும் பார்க்காமல் முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஹஜ்ஜுக்குப் போன படங்களும், அவரது உம்மா மௌத்தாகுவதற்கு முந்திய பெருநாளன்று எடுத்த படங்களும் போய்விட்டன. "தங்கச்சி, அந்தப் படத்த வேற எங்கயும் வைக்கல்லியே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து டாஸ்க் மெனேஜரைத் திறந்தால், புது விண்டோஸிலும் அதே அறுபது சேர்விஸ் ஹோஸ்ட்!

நான் கணனிப் பாட ஆசிரியை அல்ல, விஞ்ஞானம் கற்பிப்பவள். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

கணனி திறந்திருக்கும்போது நாம் பார்க்கும் மென்பொருள்கள் மட்டும் ஓடுவதில்லை. வைஃபையைப் பிடிப்பது, நேரத்தைச் சரிபார்ப்பது, பிரின்டருக்கு வேலை கொடுப்பது, அப்டேட் தேடுவது என்று எத்தனையோ சிறு சேவைகள் பின்னால் நடக்கின்றன. இவற்றில் பல தனியாக ஓடக்கூடியவை அல்ல; ஓட ஒரு தாங்கி தேவை. அந்தத் தாங்கிதான் சேர்விஸ் ஹோஸ்ட். முன்பு பல சேவைகளை ஒரே தாங்கிக்குள் அடைத்து வைத்தார்கள். அதில் ஒன்று விழுந்தால் மற்றவையும் சேர்ந்து விழும். 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரெம் உள்ள கணனிகளில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனித் தாங்கி கொடுக்கப்படுகிறது. ராத்தாவைப் பயமுறுத்திய அந்த எண்ணிக்கைக்கு அதுதான் காரணம். பெயருக்கு முன்னால் உள்ள சிறு அம்பை அழுத்தினால் உள்ளே எந்தச் சேவை இருக்கிறது என்பதும் தெரியும்.

இப்படி வீணாகப் பழி சுமப்பவை இன்னும் உண்டு. 'அன்டிமல்வெயார் சேர்விஸ் எக்ஸிகியூட்டபிள்' என்பது விண்டோஸின் சொந்தக் காவலாளியான டிஃபென்டர். அது தேடுதல் நடத்தும்போது கணனி கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். 'சிஸ்டம் ஐடில் ப்ரொசெஸ்' 95 வீதம் காட்டுகிறது என்று என்னிடம் ஓடிவந்த ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். கணனி சும்மா இருக்கும் நேரத்தின் அளவு அது! இன்னொரு பக்கம், 'கிளையன்ட் சேர்வர் ரன்டைம்' போன்றவற்றைச் சந்தேகத்தில் பலவந்தமாக நிறுத்தினால் நீலத் திரை வந்து கணனியே விழுந்துவிடும்.

இந்த வதந்தி புதிதுமல்ல. 2002இல், கரடிக்குட்டிப் படம் போட்ட ஒரு கோப்பு வைரஸ் என்றும் அதை உடனே அழிக்க வேண்டும் என்றும் உலகம் முழுக்க மின்னஞ்சல் பரவியது. உண்மையில் அது விண்டோஸோடு வந்த கோப்பு. நம்பியவர்கள் தங்கள் கையாலேயே அதை அழித்து, நண்பர்களுக்கும் அனுப்பி வைத்தார்கள். வந்த செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்று ஸூரா ஹுஜுராத்தில் ஓதுகிற நாம், ஃபோர்வேர்ட் பொத்தானுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறோம்.

அப்படியானால் பின்னால் ஓடும் எல்லாம் நல்லவையா? இல்லை. எங்கள் வீட்டிலேயே ஒன்று அகப்பட்டது.

கணனியைச் சும்மா வைத்திருக்கும்போது விசிறி இரைந்துகொண்டே இருக்கும். டாஸ்க் மெனேஜரைத் திறந்த உடனே அடங்கிவிடும். மூடினால் மறுபடி இரையும். கிரிப்டோ நாணயம் தோண்டும் சில நச்சு நிரல்கள் இப்படித்தான், யாரும் பார்க்கிறார்கள் என்றால் ஒளிந்துகொள்ளும். அதனால் ஓடுபவற்றின் பட்டியலை விட்டு, அதே டாஸ்க் மெனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குப் போனேன். கணனி திறக்கும்போதே தானாக எழும்புபவை அங்கே இருக்கும். ஒன்றில் வெளியீட்டாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பெயர் மட்டும் விண்டோஸ் பெயர் போலவே.

பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். விலாசம்தான் முக்கியம். அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தேன். விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் அநேகமானவை விண்டோஸ் கோப்புறைக்குள், 'சிஸ்டம் 32' என்ற இடத்தில் இருக்கும். இதுவோ 'அப்டேட்டா' கோப்புறையின் ஒரு மூலையில் கிடந்தது. அந்தக் கோப்புறையில் நல்ல மென்பொருள்களும் குடியிருக்கும். ஆனால் விண்டோஸ் என்று பெயர் சொல்லிக்கொள்வதற்கு அங்கே வேலையில்லை. எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஓர் எழுத்தை இடம் மாற்றியோ, 'ஓ'வுக்குப் பதில் பூச்சியம் போட்டோ ஏமாற்றுவார்கள். 'ப்ரொப்பர்ட்டீஸ்' பகுதியில் டிஜிட்டல் கையொப்பப் பக்கம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் விண்டோஸின் சில கோப்புகளிலேயே அது தென்படாது என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கோப்பு உருவான திகதி, விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. மகனைக் கூப்பிட்டேன். ஏசவில்லை, கேட்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டொன்றை இலவசமாக இறக்கியிருக்கிறார். "உம்மா, போட முந்தி அன்டிவைரஸ ஓஃப் பண்ணச் சொல்லி இருந்திச்சு" என்றார். கதவைத் திறந்து வைக்கச் சொல்லும் விருந்தாளி எப்படிப்பட்டவன் என்று பதினைந்து வயதுப் பிள்ளை யோசிக்காது. வேலைக்கென்று நாமே கிராக் செய்த மென்பொருளைப் பாவித்துக்கொண்டு பிள்ளைக்கு ஹலால் ஹராம் சொல்லவும் முடியாது. எங்கள் கணனியிலும் அப்படியொன்று இருந்தது, அன்றே நீக்கினேன்.

இணையத்தைத் துண்டித்துவிட்டு டிஃபென்டரின் விதிவிலக்குப் பட்டியலைப் பார்த்தால், அந்தக் கோப்புறை ஏற்கெனவே அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு 'ஒஃப்லைன் ஸ்கேன்' கொடுத்தேன். கணனி தானாக மீண்டும் திறந்து, விண்டோஸ் எழும்ப முன்னரே தேடும். கால் மணி நேரமளவில் முடியும். பிறகு மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களைக் கைபேசியிலிருந்து மாற்றினேன். அதே கணனியிலிருந்து மாற்றுவதில் பயனில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் 'ப்ரொசெஸ் எக்ஸ்ப்ளோரர்' இருக்கிறது. ஓடும் கோப்புகளை 'வைரஸ்டோட்டல்' தளத்தோடு ஒப்பிட்டு, எத்தனை அன்டிவைரஸ்கள் அவற்றைப் பிடிக்கின்றன என்று காட்டும். அந்தத் தளத்துக்கு உங்கள் சொந்த ஆவணங்களை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அங்கே ஏறுபவற்றை வேறு நிறுவனங்களும் பார்க்க முடியும். கடைக்குக் கொடுப்பதென்றாலும், படங்களை முதலில் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துத் தரும்படி கேளுங்கள்.

ராத்தாவின் படங்களில் சில, கட்டாரில் இருக்கும் அவரது தம்பியின் கைபேசியிலிருந்து கிடைத்தன. பெருநாள் படம் கிடைக்கவில்லை. இப்போது தெரியாத பெயர் எதைக் கண்டாலும் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். முந்தாநாள் அனுப்பியது பிரின்டருடைய பெயர்.