மாசம் 52 ரூபாய் மிச்சம் பிடிச்சு 30,000 ரூபாய் செலவு பண்ணலாமா? கார் கூலன்ட் கணக்கு

இஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக். கார் வச்சிருக்கிறவங்க மாச பட்ஜெட்ல இந்த நாலும் கண்டிப்பா இருக்கும். கூலன்ட்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. சர்வீஸ் எஸ்டிமேட்ல "கூலன்ட் மாத்தணும் சார்"னு வந்தாலும், "அடுத்த தடவை பாத்துக்கலாம்"னு முதல்ல அடிக்கிற வரி அதுதான். ஒரு ஆடிட்டரா நான் சொல்றேன், அந்த வரியை மட்டும் அடிக்காதீங்க. அதனால வர்ற நஷ்டத்தை உங்க இன்சூரன்ஸ் தராது.

கூலன்ட் என்ன பண்ணுது?

என்ஜின் சூட்டை எடுத்துட்டு வந்து ரேடியேட்டர்ல இறக்கி வைக்கிற திரவம்தான் கூலன்ட். எத்திலீன் கிளைக்கால், சுத்தமான தண்ணி, துருவைத் தடுக்கிற ரசாயனங்கள் சேர்ந்த கலவை இது. "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, தண்ணியே போதும்"னு சிலர் சொல்வாங்க. உறையாம காக்கிறது அதோட ஒரு வேலை மட்டும்தான். தண்ணி 100 டிகிரியில கொதிச்சிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் 107 டிகிரி வரைக்கும் தாங்கும். ரேடியேட்டர் மூடி தர்ற அழுத்தத்துல இந்த அளவு இன்னும் சுமார் 20 டிகிரி ஏறும்.

போர் தண்ணி ஊத்தினா அதுல இருக்கிற உப்பு உள்ளே படிஞ்சு, குழாய்களை அடைக்கும். கூலன்ட்ல இருக்கிற துரு தடுப்பு ரசாயனமும் வருஷக்கணக்குல தீர்ந்துபோகும். கார் சும்மா நின்னாலும் இது நடக்கும்.

நம்ம பக்கம் ஏன் கவனம் வேணும்?

பொங்கல், தீபாவளி லீவு முடிஞ்சு சென்னை திரும்புறப்போ பரனூர் டோல்கேட்ல நின்னிருப்பீங்க. வண்டி ஓடும்போது எதிர்க்காத்து ரேடியேட்டரை ஆத்தும். நிக்கும்போது ஃபேன் மட்டும்தான். ஏசி ஓடுதுன்னா அதோட சூடும் ரேடியேட்டர் மேலேயே வந்து விழும். மே 4 வாக்கில ஆரம்பிக்கிற கத்திரி வெயில்ல இதே மாதிரி மாட்டிக்கிட்டா, பழைய கூலன்ட் எவ்வளவு தாங்கும்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கம் குடியிருக்கீங்களா? கடல் உப்புக்காத்து ரேடியேட்டரோட மெல்லிய அலுமினியத் தகடுகளை வெளியே இருந்து அரிக்கும். சர்வீஸ்ல ரேடியேட்டர் முன்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்க.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்களுக்கு ஒண்ணு. ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா 2021 செப்டம்பர்ல அறிவிச்சது. மறைமலைநகர்ல தயாரான வண்டி இப்ப உங்க கைக்கு வருதுன்னா, கம்பெனியில ஊத்தின கூலன்ட்டுக்கும் வயசாகிடுச்சு. எப்ப மாத்தினாங்கன்னு பில் கேளுங்க. பில் இல்லைன்னா, மாத்தலைன்னே வச்சுக்கிட்டு விலை பேசுங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம்ங்கிறது வண்டிக்கு வண்டி மாறும். ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும். ரெண்டுல எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு.

உதாரணத்துக்கு, கூலன்ட் 1,500 ரூபாய், லேபர் 600 ரூபாய்னு வச்சுப்போம். 18% ஜிஎஸ்டி 378 ரூபாய். மொத்தம் 2,478. நாலு வருஷத்துக்கு ஒரு தடவைன்னா, மாசம் சுமார் 52 ரூபாய்.

மாத்தாம விட்டு, என்ஜின் ஓவர்ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கெட் போய், 30,000 ரூபாய் பில் வருதுன்னு வைங்க. அது 12 தடவை கூலன்ட் மாத்துற காசு. அதாவது 48 வருஷக் கூலன்ட் செலவு ஒரே நாள்ல!

"அதான் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கே"ன்னு நினைக்காதீங்க. தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன், தொடர் விளைவா வர்ற நஷ்டம் எல்லாம் அந்த பாலிசியிலேயே விலக்குல இருக்கு. என்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தாலும், அது பொதுவா தண்ணி உள்ளே போனா, அடியில இடிச்சு ஆயில் ஒழுகினா வர்ற பாதிப்புக்குத்தான். பராமரிக்காததுக்கு இல்லை. உங்க பாலிசி வாசகத்தை ஒரு தடவை படிச்சிடுங்க.

மாத்தும்போது என்ன பார்க்கணும்?

1. என்ஜின் நல்லா ஆறியிருக்கணும். சூட்டுல மூடியைத் திறந்தா கொதிக்கிற கூலன்ட் மேல அடிக்கும்.

2. மேனுவல்ல சொன்ன வகைதான் ஊத்தணும். பச்சை, சிவப்பு, நீலம்ங்கிற நிறம் தரத்துக்கு அடையாளம் இல்லை. வெவ்வேறு வகையைக் கலக்கக் கூடாது.

3. ரெடி மிக்ஸா, கான்சன்ட்ரேட்டான்னு கேன்ல பாருங்க. கான்சன்ட்ரேட்டுன்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் கலக்கணும்.

4. பழசை ரேடியேட்டர் அடியில இருந்து வடிச்சு, புதுசை மெதுவா ஊத்தி, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வச்சு, ஃபேன் ஓடுற வரைக்கும் என்ஜினை ஓட விடணும். உள்ளே மாட்டின காத்து வெளியே வரத்தான் இது. ஆறினதும் லெவல் குறையும். திரும்ப ஊத்தி நிரப்பணும்.

5. வடிச்சதை சாக்கடையில ஊத்த விடாதீங்க. எத்திலீன் கிளைக்கால் விஷம். இனிப்பா இருக்கிறதால தெருநாய்ங்க நக்கிடும்.

6. பில்ல "டாப்-அப்"னு இருக்கா, "ரீப்ளேஸ்"னு இருக்கான்னு பாருங்க. ஒரு லிட்டர் ஊத்திட்டா மாத்தினதா ஆகாது.

டெம்பரேச்சர் லைட் சிவப்பா எரிஞ்சா?

திருக்கழுக்குன்றம் ரோட்ல வரும்போது லைட் எரியுது. "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தான், செங்கல்பட்டு வந்துடும்"னு தோணும். அந்த அஞ்சு கிலோமீட்டர்தான் 2,000 ரூபாய் ரிப்பேரை 30,000 ஆக்கும். ஏசியை ஆஃப் பண்ணுங்க, ஓரம் கட்டுங்க, என்ஜினை நிறுத்துங்க, டோயிங்குக்கு போன் பண்ணுங்க. பாலிசியில ரோட்சைட் அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இப்பவே பாத்து, நம்பரை போன்ல சேவ் பண்ணி வைங்க.

நாளைக்குக் காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து, ரிசர்வ் டேங்க்ல லெவல் மின்னுக்கும் மேக்ஸுக்கும் நடுவுல இருக்கான்னு பாருங்க. அப்படியே கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு பழைய பில்லைத் தேடுங்க. தேதி கிடைக்கலைன்னா, அடுத்த மாச பட்ஜெட்ல 2,500 ரூபாய் ஒதுக்கிடுங்க.